முறைக் காய்ச்சல் கண்ட கார்

ஆக்ஸ்போர்டுக்குப் போகிறவர்கள் கல்லூரிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தெற்கே ஆறே மைலில் ஆபிங்டன் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. தேம்ஸ் நதிக் கரையில் அடக்கமான ஊர். அங்குள்ள பாலத்தை 1416-ல் கட்டத் தொடங்கினார்களாம். இந்த ஊரில் ஒரு விசித்திர வழக்கம் உண்டு. அரச குடும்பத்தில் விசேஷம் என்றால், ஊர்ப் பெரியவர்கள் கவுண்டி ஹால் கட்டடத்தின் உச்சியில் ஏறி நின்று, கீழே கூடியிருக்கும் ஜனங்களுக்குப் பன் ரொட்டிகளை வீசுவார்கள்! 2023-ல் சார்லஸ் மன்னர் முடிசூட்டிக்கொண்டபோதும் பன் மழைதான். நம் ஊரில் சூறை விடுவதில்லையா, அப்படித்தான்.

ஆனால் எங்களை அங்கே இழுத்துப் போனது பன் அல்ல, ஒரு பழைய கார். 1929 முதல் 1980 வரை எம்.ஜி. கார்கள் தயாரானது ஆபிங்டனில்தான். எம்.ஜி. என்றால் 'மாரிஸ் காரேஜஸ்'. அவற்றில் எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் கார் 1962-ல் பிறந்தது. 18 வருஷத்தில் 5 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். அந்த 5 லட்சத்தில் ஒன்று, ஆக்ஸ்போர்டில் டாக்டராக இருக்கும் என் தோழியின் மகளிடம் இருக்கிறது. தரையோடு தரையாக உட்கார வேண்டிய வண்டி. புடவையோடு அதில் ஏறி இறங்குவது தனிக் கலை!

ஒரு மாதமாக அதன் ஸ்டியரிங் படுத்திக்கொண்டிருந்தது. நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று ஒரு திருப்பத்தில் கனத்துப் போகும். திருப்பம் முடிந்ததும் தானாக நேரே வரவேண்டிய சக்கரம் வராது. பிடிவாதமாக ஓரத்தை நோக்கியே போகும். ஓரத்தில் சைக்கிளில் மாணவர்கள்! "விற்றுத் தொலை" என்று கணவன் சொல்லிவிட்டான். ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை உயரத் தூக்கி ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்து, "கோளாறே இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள்.

"காய்ச்சல் விட்டிருக்கும் நேரத்தில் நாடி பார்த்தால் என்ன தெரியும், மாமி? இது முறைக் காய்ச்சல்" என்றாள் அந்தப் பெண். எந்தத் தெரு, என்ன வேகம், எந்தப் பக்கம் திருப்பினாள் என்று பத்து நாள் நோட்டில் எழுதியிருந்தாள். சிரமம் வந்ததெல்லாம் இடது திருப்பத்தில்தான்!

ஆபிங்டனில் அந்தத் தொழிற்சாலையிலேயே வேலை பார்த்த ஒரு முதியவர் இருந்தார். இருபது மைல் வேகத்தைத் தாண்டாமல் போய்ச் சேர்ந்தோம். எனக்கென்னவோ வழி நெடுக நெஞ்சு திக்திக்கென்றது.

அவர் நோட்டை நிதானமாகப் படித்தார். டயரில் காற்றைப் பார்த்தார். முன் சக்கரங்களில் 21 பவுண்டு, சரியாக இருந்தது. முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டியரிங்கைச் சுற்றினார். லேசாகச் சுற்றியது. ஸ்டியரிங் தண்டின் இணைப்பில் கோளாறு என்றால், தூக்கினாலும் இறக்கினாலும் ஒரு சுற்றுக்கு இரண்டு இடத்தில் பிடிக்குமாம். இங்கே பாரம் விழும்போதுதான் பிடிக்கிறது. இடப்பக்கம் திரும்பினால் பாரம் எங்கே சாயும்? வலது சக்கரத்தின் மேல்!

இரு சக்கரங்களையும் ஸ்டியரிங்கிலிருந்து கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாகக் கையால் அசைத்தார். இடது சக்கரம் எண்ணெய் போட்ட கதவு மாதிரி திரும்பியது. வலது சக்கரம் மழைக்கால மர ஜன்னல்! சக்கரம் திரும்புவதற்கு அச்சாக உள்ள 'கிங்பின்' கிரீஸ் இல்லாமல் வறண்டு கிடந்தது. பக்கத்துக்கு மூன்றாகக் கிரீஸ் அடிக்கும் முனைகள் உண்டு. வலப்பக்கத்தில் கீழ்முனை அடைத்திருந்தது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார்; தேய்ந்த ஆட்டம் இல்லை. முனையை மாற்றி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே கிரீஸ் அடித்தார். பாரம் இருந்தால் உள்ளே ஏறாதாம். துருவும் கறுப்புமாகப் பழையது பிதுங்கி, பிறகுதான் புதியது வந்தது.

திரும்புகிற வழியில் ஓர் இடது திருப்பத்தில் அவள் பிடியைச் சற்றுத் தளர்த்தினாள். ஸ்டியரிங் சமர்த்தாக நேரே வந்து நின்றது. 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் என்று வீட்டுக்கு வந்ததும் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

மறுநாள் கடைக்குப் போகச் சாவியைக் கேட்டது யார் தெரியுமோ? அவள் கணவன்தான்!