தார்ப் பாலையில் ஒரு தண்ணீர் வண்டி

மாட்டுங்காவிலும் தாராவியிலும் வாழும் நேயர்களில் பலர் டிராம்பேயைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார்கள். வந்து போக அவர்களுக்கு அங்கே காரியம் ஏதுமில்லை. முன்னாளில் தனித் தீவாயிருந்து, பிற்காலத்தில் மும்பையோடு இணைந்துவிட்ட கிழக்குக் கோடி நிலம் அது. ஒரு புறம் சுமார் 300 மீட்டர் உயரமுள்ள குன்று. மறு புறம் உப்பங்கழியும் கோளி மீனவரின் படகுத் துறையும். இந்நாட்டின் முதல் அணு உலையாகிய அப்சரா 1956 ஆகஸ்டு 4-ஆம் நாள் இயங்கத் தொடங்கியது இங்கேதான். 1928-இல் டிராம்பேக்கும் அந்தேரிக்கும் இடையே ஒரு ரயில் பாதை திறக்கப்பட்டது. ஆறே ஆண்டுகளில், 1934-இல், அது மூடப்பட்டது. இன்று டிராம்பேக்குச் சரக்கு வண்டிகள் மாத்திரமே வருகின்றன. பிரயாணிகள் மான்குர்டு நிலையத்தில் இறங்கிப் பஸ் ஏற வேண்டும்.

நான் பிறந்தது டிராம்பேயின் சீத்தா கேம்ப்பில். 1976-ஆம் ஆண்டு ஜனதா காலனியிலிருந்து மாற்றப்பட்ட குடும்பங்கள் குடியேறிய இடம் அது. அவற்றுள் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம், எங்களுடையதும் ஒன்று. எனக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை. என் தம்பியோ நீண்ட டிரெய்லர் வண்டிகளில் உதவியாளாகப் போய்விட்டான். ராஜஸ்தானத்துப் பாலைவனத்தில் காற்றாலைக் கோபுரங்களை ஏற்றிச் செல்லும் வேலை. எட்டு மாதமாக வீடு வரவில்லை. "கடலோரத்தில் பிறந்த பிள்ளைக்கு மணற்காட்டில் என்ன வேலை? எப்படியாவது கூட்டிக்கொண்டு வந்துவிடு ஐயா" என்று அம்மா கண் கலங்கினாள். தெரிந்தவர் ஒருவர் மூலம் அவனுக்கு இங்கேயே ஒரு காவலாளி வேலைக்கும் சொல்லி வைத்திருந்தாள். அவனை அழைத்து வருவதற்காகவே கார்த்திகை மாதத்தில், ரயில்வே பாஸும் பருப்புப் பொடி டப்பாவுமாகப் புறப்பட்டேன்.

இத்தனை பெரிய பொருளை ரயிலில் அனுப்பலாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். நம் அகலப் பாதையில் தண்டவாளங்களின் இடைவெளி 1,676 மில்லிமீட்டர். வண்டியில் ஏற்றும் சரக்கின் அகலத்திற்கும் உயரத்திற்கும் கட்டாயமான எல்லை உண்டு. நடைமேடையும் பாலமும் சுரங்கமும் அந்த எல்லையை வைத்தே கட்டப்பட்டவை. எல்லையை மீறும் சரக்குக்குத் தனி அனுமதி வேண்டும். மிகவும் மீறினால் ரயிலில் இடமில்லை. காற்றாலையின் இறக்கை ஒன்றே நாற்பது, ஐம்பது மீட்டருக்கு மேல் நீளமாயிருக்கிறது. ஆகவே ரயில் கைவிட்டதைச் சாலை ஏற்றுக்கொள்கிறது. சாலை முடிந்த இடத்தில் மணல் ஏற்றுக்கொள்கிறது.

பாந்திரா டெர்மினஸில் ஏறி மறுநாள் காலை ஜோத்பூரில் இறங்கினேன். அங்கிருந்து ஜெய்சல்மேருக்கு மேலும் 300 கிலோமீட்டர் ரயில். சன்னலுக்கு வெளியே பசுமை மெல்ல மெல்லக் குறைந்து, முடிவில் வன்னி மரங்களே எஞ்சின. அவ்வூரார் அதைக் கேஜ்ரி என்கிறார்கள். நம் கோயில்களில் வலம் வரும் அதே மரந்தான். மும்பையில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. இங்கே 200 மில்லிமீட்டர் பெய்தால் பெரிது. ஆனால் காற்றுக்குக் குறைவில்லை. 2001-ஆம் ஆண்டு முதல் இம்மாவட்டத்தில் காற்றாலைகள் எழுந்து வருகின்றன.

தம்பி கறுத்து மெலிந்திருந்தான். ஆயினும் முகத்தில் வாட்டமில்லை. சங்ககிரிப் பக்கத்து மேஸ்திரி ஒருவரின் கீழ் அவன் வேலை செய்தான். மேஸ்திரியார் என்னைத் தம் இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு மணல் பாதையின் இலக்கணத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். டயரில் காற்றைக் குறைத்தால் அது மணலில் அகலப் படியும், புதையாது. கெட்டிச் சாலைக்கு வந்ததும் மறவாமல் காற்றை நிரப்ப வேண்டும். இல்லையேல் டயர் சூடேறி வெடிக்கும். பின்னால் பாரம் தொடுத்தவன் திடீரென்று திருப்பவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றால் அக்கணமே விசையை விட்டுவிட வேண்டும்; மேலும் முடுக்குகிறவன் தன் குழியைத் தானே தோண்டுகிறான். வடம் விறைத்திருக்கும்போது அதன் அருகே ஒருவரும் நிற்கலாகாது. அறுந்தால் ஆளை வெட்டிவிடும்.

அன்று பிற்பகலில் அந்த இலக்கணத்திற்கு உதாரணம் கிடைத்தது. எங்கள் சரளைப் பாதைக்கு அப்பால், மணல் தடத்தில், ஒரு டிராக்டரும் அதன் பின்னால் தொடுத்த தண்ணீர்த் தொட்டியும் அச்சு வரை புதைந்து கிடந்தன. 'டாணி' எனப்படும் சிறு குடியிருப்புகள் அங்கே பாலையில் சிதறிக் கிடக்கின்றன. இந்திரா காந்தி கால்வாயும் குழாயும் எட்டாத இடங்களுக்கு இப்படி இழுத்துச் செல்லும் தொட்டியே ஆதாரம். அதில் 5,000 லிட்டர், அதாவது ஐந்து டன் தண்ணீர் இருந்தது.

எங்கள் ஆட்களில் ஒருவன், "திறப்பைத் திறந்து பாதித் தண்ணீரை விட்டுவிட்டால் எளிதில் இழுக்கலாம்" என்றான். டிராக்டர்க்காரக் கிழவர் ஒன்றும் பேசவில்லை. திறப்பின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டு நின்றார். என் தம்பி மேஸ்திரியைப் பார்த்தான். "அண்ணே, தண்ணீரைக் கொட்ட வேண்டாம். நேரம் ஆனாலும் பரவாயில்லை, நான் தோண்டுகிறேன்" என்றான். மேஸ்திரியார் தலையசைத்தார்.

முதலில் தொட்டியை டிராக்டரிலிருந்து கழற்றினார்கள். பாரம் நீங்கிய டிராக்டர் சிறிது முயற்சியில் ஏறி வந்தது. பிறகு சக்கரங்களின் முன்னே மணலைச் சரிவாக வாரி, முட்செடிக் கிளைகளையும் பலகைகளையும் பரப்பினார்கள். கெட்டித் தரையில் நின்ற எங்கள் இழுவை வண்டியிலிருந்து நீண்ட கம்பி வடத்தைக் கட்டி, அங்குலம் அங்குலமாக இழுத்தார்கள். இரண்டு மணி நேரம் சென்றது. ஒரு குடம் தண்ணீர்கூடச் சிந்தவில்லை. டாணியில் ஐந்தாறு பெண்கள் குடங்களோடு பாதையைப் பார்த்தபடி நின்றிருந்ததாகத் தொட்டியோடு துணைக்குப் போய் வந்த தம்பி இரவில் சொன்னான்.

ஆஸ்திரேலியாவின் பாலை வழிகளில் இக்காலத்தில் குடும்பங்கள் உல்லாசத்திற்காக வீட்டு வண்டிகளைத் தொடுத்துச் செல்கின்றன. அவர்களும் டயரில் காற்றைக் குறைத்தே மணலைக் கடக்கிறார்கள். அந்நாட்டுப் பாலையில் முன்பு சுமை இழுத்தவை நம் துணைக்கண்டத்திலிருந்து 1860-களில் கப்பலேறிய ஒட்டகங்கள். அவற்றை நடத்திய நம் பக்கத்து மனிதர்களை 'ஆப்கானியர்' என்று பொதுவாக அழைத்தார்கள். அந்தப் பெயரின் நினைவாகவே 'கான்' என்னும் ரயில் இன்றும் அங்கே ஓடுகிறது. ஊரை விட்டுப் போனவன் எங்கோ ஒரு மணலில் யாருடைய சுமையையோ இழுக்கிறான் என்பது புதிய கதையன்று.

காவலாளி வேலையைப் பற்றித் தம்பியிடம் சொன்னேன். "அண்ணே, நீ பார்த்தாய் அல்லவா?" என்று மட்டும் கேட்டான். என்னிடம் விடையில்லை. தனியே திரும்பினேன்.

வாசலில் அம்மா என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். கிழவர் திறப்பை மூடிக்கொண்டு நின்றதைச் சொன்னபோது அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, இதுவரை எங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். 1976-இல் இங்கே வந்த புதிதில் அவளுக்குப் பத்து வயது. சேற்று நிலம், குழாய் இல்லை. விடியுமுன் குடத்தோடு நின்று, தண்ணீர் வண்டி வருமா வராதா என்று பாதையையே பார்த்திருப்பாளாம். ஒரு நாள் வண்டி சேற்றில் சிக்கி, வந்து சேரவேயில்லையாம்.

சற்று நேரம் பேசாதிருந்து, "அந்த டப்பாவில் பொடி தீர்ந்திருக்குமே" என்றாள். "பொங்கலுக்கு மட்டும் வந்து போகச் சொல். காவலாளி வேலைக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடலாம்."