மூச்சுக்கும் ஒரு கஸரத்து

கஸரத்து என்றவுடனே ஞாபகத்துக்கு வருவன தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையுமே. புஜத்துக்குப் பயிற்சி உண்டு. தொடைக்குப் பயிற்சி உண்டு. ஆனால் பிறந்த நிமிஷம் முதல் ஓய்வு ஒழிவின்றி உழைக்கும் தசை ஒன்று விலா எலும்புகளுக்குக் கீழே இருக்கிறது. அதற்கும் பயிற்சி வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

நம் வீட்டிலே பெரியம்மா ஒருவர் இருக்கிறார். வயது 71. புகையிலையைத் தொட்டறியாதவர். ஆயினும் நாற்பது வருஷ காலம் ஜன்னல் இல்லாத சமையலறையில், ஈர விறகின் முன் குனிந்து, ஊதுகுழலால் ஊதி ஊதிக் குடும்பத்துக்குச் சோறு போட்டவர். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் பீடி, சிகரெட்டினால் மட்டும் வருவதன்று. அடுப்புப் புகையாலும் வரும். 2021-ம் ஆண்டில் உலகமெங்கும் சுமார் 35 லட்சம் பேர் இந்நோயால் மாண்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொல்கிறது.

தெருக் குழந்தைகளையெல்லாம் கூட்டி வைத்துக் கதை சொல்வது பெரியம்மாவின் வழக்கம். சென்ற வருஷம், ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூன்று தரம் மூச்சு வாங்கியது. கதை நின்றது. பிறகு வாசல் திண்ணைக்கு வருவதும் நின்றது. வந்த உறவினர் அனைவரும், "அசையாமல் உட்காருங்கள்" என்று உபதேசித்தார்கள். "அசையாமல் இருக்க நான் என்ன கொலுப் பொம்மையா?" என்றார் பெரியம்மா. அவர் கேட்டது நியாயமான கேள்விதான் என்பது வைத்தியரிடம் சென்றபோது விளங்கிற்று.

உதரவிதானம் என்பது கவிழ்த்து வைத்த கிண்ணம் போன்ற தசை. அது சுருங்கித் தாழும்போது மார்புக்கூடு விரிந்து காற்று உள்ளே வருகிறது. இந்நோயிலோ, உள்ளே போன காற்று முழுவதும் வெளியேற வழியின்றிச் சிறைப்பட்டுக் கிடக்கிறது. நுரையீரல் உப்புகிறது, கிண்ணம் தட்டாகிவிடுகிறது. தட்டையாகிவிட்ட தசைக்கு மேலும் தாழ இடம் ஏது? ஆகவே சாதாரண மூச்சுக்கே அது படாத பாடு படுகிறது. மூச்சு வாங்குமே என்று பயந்து நோயாளி நடையைக் குறைக்கிறார். நடை குறையக் குறையக் கால்கள் தளர்கின்றன. தளர்ந்த கால்களால் நாலடி வைத்தாலும் முன்னிலும் அதிகமாக மூச்சு வாங்குகிறது. வீட்டார் அன்போடு போட்டுக் கொடுக்கும் சாய்வு நாற்காலி இந்தச் சுழலை இன்னும் வேகமாகச் சுற்றிவிடுகிறது!

சுவாசத் தசைகளையும் மற்றத் தசைகளைப்போல் பழக்கி வலுவேற்றலாம் என்பதை 1976-ல் லீத், பிராட்லி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் சுகதேகிகளிடம் சோதித்துக் காட்டினார்கள். இன்று அதற்கென்று கையடக்கமான கருவி இருக்கிறது. வாயில் வைத்துக் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். சுருள்வில் பூட்டிய அடைப்பு ஒன்று, போதிய பலத்துடன் இழுத்தாலன்றித் திறவாது. வெளியே விடும்போது தடையில்லை. பெரியம்மா உள்ளிழுக்கும் உச்ச பலத்தை வைத்தியர் அளந்து, அதில் நூற்றுக்கு 30 பங்கு எதிர்ப்பில் ஆரம்பித்தார். காலையில் 30 மூச்சு. மாலையில் 30 மூச்சு. பலம் ஏற ஏற வில்லைச் சற்றே முறுக்க வேண்டும். "நாற்பது வருஷம் ஊதச் சொன்னீர்கள், இப்போது உறிஞ்சச் சொல்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கருவியைக் கையில் வாங்கினார்.

அண்டை வீட்டார் ஒருவர், மூன்று பந்துகள் மேலெழும் விளையாட்டுச் சாமான் போன்ற ஒன்றைக் கொண்டுவந்து, "இதுவும் அதுதானே?" என்றார். அன்று. சத்திர சிகிச்சைக்குப் பின் ஆழ்ந்து மூச்சிழுக்கத் தூண்டுவதற்காகக் கொடுப்பது அது. அதில் சொல்லத்தக்க எதிர்ப்புக் கிடையாது. கனமில்லாத கர்லாவைச் சுழற்றிப் புஜம் பருத்தவர் உண்டோ?

இதனால் கெட்டுப்போன நுரையீரல் புதிதாகிவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். உறிஞ்சும் மருந்தை நிறுத்தவும் கூடாது. நுரையீரல் உறை கிழிந்து காற்றுக் கசிந்தவர்கள் போன்றோருக்கு இப்பயிற்சி ஆபத்து. வைத்தியரைக் கேளாமல் தொடங்கலாகாது. 2023-ல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு வெளியிட்ட முடிவும் நிதானமானதே. நடையும் தேகப்பயிற்சியும் முறையாகச் செய்பவர்களுக்கு இக்கருவியால் கூடுதலாகக் கிடைக்கும் லாபம் சொற்பம்; அது மட்டுமே செய்பவர்களுக்கு மூச்சுத் திணறல் சற்றுக் குறைந்து, நடக்கும் தூரம் சற்றுக் கூடக் காண்கிறது. ஆகவே கருவி ஊன்றுகோல்; நடைதான் வைத்தியம்.

எட்டு வாரம் சென்றது. பெரியம்மா கூடத்திலிருந்து திண்ணை வரை நடுவில் ஒரே தரம் நின்று வந்துவிடுகிறார். நடக்கும்போது உதட்டைக் குவித்து மெல்ல மூச்சை விடச் சொன்னார் வைத்தியர். அப்படிச் செய்தால் மூச்சுக் குழல்கள் சட்டென்று மூடிக்கொள்ளாமல் காற்று வெளியேறுமாம். இதை மட்டும் பெரியம்மாவுக்கு ஒருவரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஊதுகுழல் கற்றுக்கொடுத்திருந்தது!

கதையும் மீண்டும் ஆரம்பமாகியிருக்கிறது. நடுநடுவே மூச்சுக்காக நிறுத்துகிறார். கதையின் சுவைக்காக நிறுத்துகிறார் என்று குழந்தைகள் வாய் பிளந்து காத்திருக்கின்றன. வாசகர்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெரியவர் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்கலாம். வைத்தியரின் சம்மதம் பெற்று, நாளைக்கு வாசல் வரையிலாவது அவரைக் கை கொடுத்து அழைத்துப் போங்கள்.