நாலே நாலு டியூப்

போன வருஷம் ஓவிய வகுப்பில் சேர்ந்தேன். 'பி.காம். படிச்சவருக்கு 46 வயசுல இது தேவையா?' என்று வீட்டில் கேட்டார்கள். தேவை இருந்தது. இறந்துபோன அப்பாவை வரைய வேண்டும்.

பந்தாவாக 24 கலர் பெட்டியோடு போனேன். மாஸ்டர் நாலு டியூபை மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டியை மூடிவிட்டார். வெள்ளை, மஞ்சள் காவி, சிவப்பு, கறுப்பு. 'ஆண்டர்ஸ் ஸோர்ன்னு ஒரு ஸ்வீடன்காரர். 1860-ல பொறந்தவர். இந்த நாலை வெச்சே எத்தனையோ முகம் வரைஞ்சிருக்கார். உங்களுக்குப் போதாதா?'

போட்டோவைப் பார்த்து ஆரம்பித்தேன். வெளிச்சம் விழுந்த கன்னம் எப்படியோ வந்துவிட்டது. நிழல்தான் படுத்தியது. கறுப்பைத் தடவினால், அப்பா முகத்தில் கரி அப்பின மாதிரி இருந்தது. 'நிழலும் தோல்தாங்க. சிவப்பு சேருங்க. வெளிச்சத்தைக் கெட்டியா வைங்க, நிழலை மெலிசா விடுங்க' என்றார். செய்தேன். நிழலுக்குள்ளும் ரத்த ஓட்டம் தெரிந்தது.

கடைசியாகக் கண். வயதான காலத்தில் அப்பாவின் கருவிழியைச் சுற்றி நீலச் சாம்பலாக ஒரு வளையம் விழுந்திருந்தது.

'நீலம் இல்லாம முடியாது சார்.'

மாஸ்டர் பதில் சொல்லவில்லை. கறுப்பில் கொஞ்சம் வெள்ளையைக் குழைத்து, காவிக்குப் பக்கத்தில் ஒரு தீற்று தீற்றினார். சத்தியமாக நீலம்! தட்டில் தனியாகப் பார்த்தால் வெறும் சாம்பல். சுற்றிலும் சூடான நிறங்கள் இருந்தால், நம் கண்ணே அதை நீலம் என்று கணக்கு எழுதிக்கொள்கிறது. காமர்ஸ்காரனுக்கு இந்தக் கள்ளக்கணக்கு ரொம்பவே பிடித்துவிட்டது.

படத்தை அம்மாவிடம் நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

'கண்ணு அவரேதான். மூக்குதான் யாரோடதுன்னு தெரியல.'