வாணமும் கணக்கு நோட்டும்

வாணம் விடுவதில் நம்மவர்களுக்கு இருக்கும் பிரியம் கொஞ்சநஞ்சமல்ல. வாண வேடிக்கை இல்லாத உற்சவத்தை உற்சவம் என்றே நம் ஜனங்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால், அது ஏன் ஒரு சமயம் நேரே ஆகாயத்துக்கும், மற்றொரு சமயம் அடுத்த வீட்டுக் கூரைக்கும் போகிறது என்று யோசிப்பவர்கள் எத்தனை பேர்?

எங்கள் மேல்மலையனூரில் ராக்கெட்டைப் பற்றிப் பேச்செடுத்தால், பெரியவர்கள் ஹைதர் அலியிடம் போய்விடுவார்கள். 1780-ஆம் வருஷம் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் மைசூர் வாணங்கள் கும்பினிப் பட்டாளத்தைக் கலங்க அடித்தன. அதே வருஷத்தில் செஞ்சிக் கோட்டையும் ஹைதர் வசமாயிற்று. இரும்புக் குழாயில் மருந்தைக் கெட்டித்து, நீண்ட மூங்கிலில் பிணைத்த வாணங்கள் அவை. பெருமைப்பட வேண்டிய விஷயந்தான். ஆனால் கதையின் பின்பாதியும் உண்டு. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவற்றில் சில இங்கிலாந்து போய்ச் சேர்ந்தன. அங்கே வில்லியம் காங்கிரீவ் என்பவர் சோதனைமேல் சோதனை செய்து, பலனைப் புத்தகமாகவும் எழுதினார். வாணம் நம்முடையது, கணக்கு அவருடையதாயிற்று!

சென்ற வருஷம் என் தமக்கை மகனுக்கு ராக்கெட்டுப் பைத்தியம் பிடித்தது. வயது பன்னிரண்டு. தீக்குச்சி மருந்தைச் சுரண்டித் தகரக் குழாயில் அடைக்க உத்தேசித்திருந்தான். நான் குழாயைப் பிடுங்கிக்கொண்டேன்.

"இந்தப் பாடத்துக்கு உன் விரலைத் தக்ஷிணையாகக் கொடுக்க வேண்டாம், ஏற்கெனவே கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்" என்றேன்.

1957-ல் ஸ்புட்னிக் பறந்த உற்சாகத்தில், அமெரிக்கப் பையன்கள் பலர் வீட்டிலேயே மருந்து கலந்து கையையும் கண்ணையும் இழந்தார்கள். அந்த விபத்துக்களைத் தடுக்கவே அங்கே விதிகள் பரவின: உலோகம் கூடாது, காகிதக் குழலே வேண்டும், மருந்தைத் தொழிற்சாலைதான் அடைக்க வேண்டும், எட்ட நின்று மின்சாரத்தால் பற்றவைக்க வேண்டும், பற்றாத வாணத்தின் அருகே ஒரு நிமிஷம் போகக் கூடாது.

"அப்படியானால் நான் விடவே கூடாதா, மாமா?" என்று அழாக்குறையாகக் கேட்டான்.

"தாராளமாக விடு, நெருப்பில்லாமல் விடு!"

பிளாஸ்டிக் புட்டியில் மூன்றிலொரு பங்கு தண்ணீர். சைக்கிள் பம்பினால் காற்று. தூர நின்று இழுக்க ஒரு கயிறு. முதல் வாணம் பல்டி அடித்து வாழைத் தோட்டத்தில் விழுந்தது. மூக்கில் களிமண்ணை அப்பி, வாலில் மூன்று இறக்கைகளை ஒட்டியதும் நேரே எழும்பிற்று. கனத்தின் மையம் முன்னாலும், காற்றின் அழுத்தம் தாக்கும் மையம் பின்னாலும் இருந்தால்தான் வாணம் வழி தவறாது. பழைய வாணத்துக்கு மூங்கில் செய்த உபகாரமும் இதுவே. அன்று அவனுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். விழுந்த வாணத்தைத்தான் அதில் முதலில் எழுதச் சொன்னேன்.

கல்கத்தாவில் ஸ்டீபன் ஸ்மித் என்ற தபால்தலைப் பிரியர் இருந்தார். 1934-ல் அவர் விட்ட முதல் தபால் ராக்கெட்டு நடுவானில் வெடித்துக் கடிதங்களைச் சிதறடித்தது. அவர் சோர்ந்து உட்காரவில்லை. 1944 வரையில் சுமார் 270 ராக்கெட்டுகள் விட்டார். 1992-ல் நம் தபால் இலாகா அவருக்குத் தபால்தலை வெளியிட்டுக் கௌரவித்தது.

அப்துல் கலாம் தலைமையில் செய்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டும் 1979 ஆகஸ்டு 10-ஆம் தேதி வங்காள விரிகுடாவில்தான் விழுந்தது. இரண்டாம் கட்டத்தில் ஒரு வால்வு செய்த கோளாறு! அதைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். மறு வருஷம் ஜூலை 18-ஆம் தேதி ரோகிணி வானில் சுற்றத் தொடங்கிற்று.

ஆகையால், தாய்மார்களே, பையனோ பெண்ணோ ராக்கெட்டு வேண்டுமென்று அடம் பிடித்தால் மிரட்டாதீர்கள். தீப்பெட்டியை மட்டும் எட்டாத இடத்தில் வையுங்கள். ஒரு புட்டியும் பம்பும் கொடுங்கள். கூடவே ஒரு நோட்டுப் புத்தகத்தையும் மறக்காமல் கொடுங்கள்.