இலக்கத் தகடு இல்லாத ஸ்கூட்டர் எனக்கு வேண்டாம்

2022ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாவானது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. அம்பிட்டியவில் தைத்த உடுப்புகளைப் பையில் சுமந்து, கண்டி நகரத்துக் கடைகளுக்கு நடந்தே போய்க் கொடுத்தேன். அந்த நாட்களில்தான் மின்சார ஸ்கூட்டர் வாங்கும் எண்ணம் வந்தது.

சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் ஒரு கடைக்குப் போனேன். விலை மலிவுதான். ஆனால் வண்டியில் இலக்கத் தகடு இல்லை.

“இதுக்கு நம்பர் தேவையில்ல அக்கா. லைசனும் தேவையில்ல. லேடீஸ பொலிஸ் மறிக்கவும் மாட்டாங்க” என்றார் கடைக்காரத் தம்பி.

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை யோசிக்க வைத்தது. 2009இல் வன்னியிலிருந்து வெளியே வந்தவள் நான். பெண் என்பதற்காக எந்தச் சோதனைச் சாவடியும் என்னை விட்டதில்லை. அடையாள அட்டை இல்லாமல் நின்ற நிலை எனக்குத் தெரியும். அதே நிலையைக் காசு கொடுத்து வாங்குவதா? முற்பணம் கொடுக்காமல் திரும்பிவிட்டேன்.

பிறகு விசாரித்தேன். மோட்டார் சைக்கிள் போல ஓடும் மின்சார ஸ்கூட்டருக்கும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவு வேண்டும். காப்புறுதி, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், மோட்டார் சைக்கிளுக்கான சாரதி அனுமதிப்பத்திரம் எல்லாம் வேண்டும். தலைக்கவசம் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம். காப்புறுதி இல்லாமல் ஒருவரை மோதிவிட்டால் நட்டஈடு முழுவதும் நம் தலையில்தான் விழும்.

அனுமதிப்பத்திரம் எடுத்த பிறகு, பதிவுள்ள பழைய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினேன். வண்டியின் செசி இலக்கமும் பதிவுச் சான்றிதழில் உள்ள இலக்கமும் ஒன்றுதானா என்று பார்த்தேன். ‘ஓப்பன் பேப்பர்’ வேண்டாமென்று சொல்லி என் பெயருக்கே மாற்றினேன். காணாமற்போன கணவரின் பெயரில் இருந்த மோட்டார் சைக்கிளுக்காக நான் அலைந்தது போதும்.

கண்டி மேடும் பள்ளமுமான ஊர். ஒரு சார்ஜில் இத்தனை கிலோமீற்றர் என்று கடையில் சொல்லும் கணக்கு சம தரைக்குரியது. ஏற்றத்தில் பற்றரி விரைவாக இறங்கும். ஆகவே வாங்குமுன் உங்கள் வழக்கமான சுமையுடன், உங்கள் வீட்டு ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். இறக்கத்தில் இன்னும் கவனம் தேவை. பெற்றோல் வண்டியில் கையை விட்டால் இயந்திரம் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். பல மின்சார ஸ்கூட்டர்களில் அந்தப் பிடிப்பு இல்லை. வேகம் கூடுமுன்பே இரண்டு பிறேக்கையும் மெதுவாகப் பிடிக்க வேண்டும். சத்தம் இல்லாத வண்டி என்பதால் நடந்து போகிறவர்களுக்கு நாம் வருவது கேட்காது. சேலைத் தலைப்பையும் சாலையும் சக்கரத்தில் சிக்காதபடி செருகிக்கொள்ளுங்கள்.

ஓடி வந்த பற்றரி ஆறிய பிறகு, அதற்குரிய சார்ஜரில் மட்டும் போடுங்கள். படுக்கைக்குப் பக்கத்திலோ வாசல் வழியிலோ வைத்துப் போடாதீர்கள். தீப்பிடித்தால் வெளியேற வழி வேண்டும்.

போன மாதம் தென்னக்கும்புரயில் பொலிஸார் மறித்தார்கள். பத்திரங்களை எடுத்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, “ஹரி, யன்ன” என்று திருப்பித் தந்தார் அந்த அதிகாரி. ஒரு நிமிடமும் ஆகவில்லை.

சகோதரிகளே, விலையைக் கேட்குமுன் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள்.