சோப்பு டப்பா

வெள்ளியங்கிரிக்குக் கிளம்பும்போது என் பையில் ஒரு பழைய சோப்பு டப்பா. உள்ளே பென் டார்ச், பிளாஸ்டர், ஊக்கு, நூல்கண்டு, ரெண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட், ஒரு விசில். (மூணு தரம் ஊதினால் ஆபத்து என்று அர்த்தம்!)

"மலையேறப் போறியா, மளிகைக்கடை வைக்கப் போறியா?" என்று சிரித்தான் ஆபீஸ் நண்பன்.

தீப்பெட்டி மட்டும் வைக்கவில்லை. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் மாண்டது மறக்குமா?

பூண்டியில் மூங்கில் தடி வாங்கி, ராத்திரியில் ஏறினோம். மொத்தம் ஏழு மலை. ஐந்தாவதில் நண்பனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. முகம் வெளிறிவிட்டது. அவன் டார்ச்சும் அவுட்! உட்காரவைத்துக் காலை நீவிவிட்டேன். ஒரு லிட்டர் தண்ணீரில் பாக்கெட்டைக் கரைத்து, மடக்கு மடக்காகக் குடிக்கவைத்தேன். அரை மணியில் எழுந்தான்.

இறங்கும்போது மெதுவாகக் கேட்டான்: "மாப்ளே, அந்த மளிகைக்கடைக்கு என் பையில ஒரு பிராஞ்ச் திறக்கலாமா?"