வூயி மலையில் ஆறு செடிகள்

தேயிலை என்ற சொல்லில் இருக்கும் 'தே' எங்களுடையது இல்லை. சீனாவின் பூஜியன் மாகாணத்துத் தென்கரை மக்கள் தங்கள் பேச்சுவழக்கில் தேயிலையை 'தே' என்பார்கள். கப்பலேறி ஊர் ஊராகச் சுற்றி எங்கள் வாய்க்கும் வந்து சேர்ந்த சொல் அது. அதே மாகாணத்தின் வடக்கில் இருக்கிறது வூயி மலை. போன மே மாதம் நாங்கள் நான்கு பேர் அங்கே போயிருந்தோம். எங்களில் இரண்டு பேர் மலையகத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள்.

வடிவான இடம். செங்குத்தான செம்பாறைகள், அவற்றுக்கு நடுவே ஒன்பது வளைவு ஆறு. மூங்கில் தெப்பத்தில் ஏறி இருந்தால் போதும், ஆறே கொண்டுபோய்க் காட்டும். 1999 இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் எங்கட ஊர் மாதிரி மலை முழுக்கத் தேயிலை இல்லை. பாறை இடுக்குகளில் கல் அடுக்கி மண் நிரப்பிய சின்னச் சின்னப் பாத்திகள்தான். அதனால் 'பாறைத் தேயிலை' என்றே பெயர்.

அங்கே ஒரு பெண்ணின் கூடையை எட்டிப் பார்த்த தோழி, "இது கொழுந்தே இல்ல, முத்தின இலை! எங்கம்மா இப்பிடிக் கொண்டுபோனா கங்காணி திருப்பி அனுப்பிருவாரு" என்றாள். இந்த ஊலொங் வகைக்கு மொட்டு விரிந்த பிறகு மூன்று நான்கு இலையோடுதான் பறிக்க வேண்டுமாம். முக்கிய அறுவடையும் வருஷத்தில் ஒருக்கா, வசந்த காலத்தில். எங்கள் அம்மாமார் வருஷம் முழுக்க, வாரத்துக்கு ஒருக்கா அதே செடியிடம் திரும்பி வருகிறார்கள்.

எல்லோரும் கடைசியில் போய் நிற்பது டா ஹொங் பாவ் தாய்ச்செடிகளுக்கு முன்னால். பாறை முகப்பில் ஆறே ஆறு செடிகள். 2006 முதல் அவற்றில் ஒரு இலைகூடப் பறிக்கக் கூடாது. கடைசியாகப் பறித்ததில் 20 கிராம் பெய்ஜிங் தேசிய நூதனசாலையில் இருக்கிறது. நாங்கள் நின்ற பாதையிலேயே, தோளில் தடி போட்டு இரண்டு பக்கமும் இலைக்கூடை தொங்க, வேர்க்க வேர்க்க ஆட்கள் இறங்கிப் போனார்கள். கூட்டம் விலகி வழிவிட்டது. பிறகு திரும்பிச் செடியைப் படம் எடுத்தது.

வயசான செடிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று தோன்றியது நல்ல விஷயம்தான். தோழியின் அம்மாவுக்கும் தோட்டத்தில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அவர் இன்னும் விடியக் காலையில் கூடையை எடுத்துக்கொண்டு கைக்காசு வேலைக்குப் போகிறார்.